நாடியும் நாளமும் ஒரே கறுப்பு

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

இந்த செமஸ்டரிலிருந்து உடற்கூற்றியல் பாடநூலின் போட்டோக்கொப்பியோடு பல்கலைக்கழக வகுப்புக்கு வரக்கூடாது, புதிய பதிப்புத்தான் கையில் இருக்கவேண்டும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பதிப்புரிமையை மதிக்கவேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த இறக்குமதிப் புத்தகத்துக்கு ஒரு மாத மகாபொல உதவித்தொகை காணாது என்பது நீங்கள் அறியாததல்ல. நூலகத்தில் இருக்கிற ஒரேயொரு பிரதியும் உசாத்துணைப் பிரிவில். இரவல் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். மகளின் போட்டோக்கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். கொப்பியிலிருந்து எடுத்த கொப்பி, அதிலிருந்து எடுத்த இன்னொன்று. புத்தகத்தில் சிவப்பாக இருக்கும் நாடியும் நீலமாக இருக்கும் நாளமும் அதில் ஒரே கறுப்பு. ஓரத்துப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டுவிட்டன. யாரோ ஒரு சீனியர் பேனையால் எழுதிவைத்ததை நம்பித்தான் அவள் படிக்கிறாள். அதில் இரண்டு பிழை.

அமெரிக்காவின் டெக்சாசிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்து ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற பாடநூல் வெளியீட்டுத் திட்டம், இதே பாடத்துக்கு ஒரு நூலை முழு நிறத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வாசிக்க மட்டுமல்ல. ஆக்கியோரைக் குறிப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், வேண்டிய அத்தியாயத்தை மட்டும் பிரிக்கலாம், தமிழில் விளக்கம் சேர்க்கலாம். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் அதற்கு இடம் தருகிறது. இப்படி எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த கல்வி வளங்களுக்கென்று யுனெஸ்கோ 2019 இல் ஒரு பரிந்துரையையே நிறைவேற்றியிருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: காசு கொடுத்து வாங்கும் புத்தகத்தை விதிக்கமுதல், திறந்த பாடநூல் உண்டோ என்று பாருங்கள்.

எல்லாப் பாடத்துக்கும் கிடைக்காது, தெரியும். வன்னியின் மண்ணையும் குளங்களையும் பற்றி டெக்சாசில் இருந்து எவரும் எழுதப்போவதில்லை. அதை நீங்கள்தான் எழுதவேண்டும். வருடாவருடம் காட்டும் ஸ்லைட்டுகளையாவது திறந்த உரிமத்தோடு போட்டுவிடுங்கள், பாரம் குறைந்த கோப்பாக. பிள்ளைகள் போனில் டேட்டா போட்டுத்தான் இறக்குகிறார்கள்.

தரம் 11 வரை பாடநூலை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. பிறகு உயர்தரத்துக்கு ரியூசன் காசு, கம்பஸ் போனால் அறைக் காசு, புத்தகக் காசு. இலவசக் கல்வி என்று மேடையில் பேசுகிறவர்கள் எந்தத் தரம்வரை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சான்றிதழையே தொலைத்த வீடுகளிலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை உள்ளே வருகிறது. அதனிடம் எத்தனையாம் பதிப்பு என்று கேட்கிறோம்!

சரி, மேடைப் பேச்சுக்கு நீங்கள் பொறுப்பில்லை. புத்தகப் பட்டியலுக்குப் பொறுப்பு. அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்; விதிக்கமுதல் பாருங்கள். அதுவரை கொப்பியோடு வரும் பிள்ளைகளை வெளியே அனுப்பாதிருக்கும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
தருமபுரம், கிளிநொச்சி.