படத்தில் ஊதா அவரை, பொட்டலத்தில் மலை பீன்ஸ்

அனுப்புநர்: வாடிக்கையாளர், உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தங்கள் விதை நிறுவனம்.

பொருள்: கொடி அவரை விதையில் இனம் மாறியது, பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையை நிறுத்தவும் கோருதல்.

ஐயா/அம்மா,

தங்களிடம் ஆடி மாதம் வாங்கிய 'அலங்காரக் கொடி அவரை' இரண்டு பொட்டலத்திலும் (ரூ.160) இருந்தது அவரையே அல்ல. உறையில் ஊதா அவரையின் படம். 'ஆண்டு முழுவதும் விதைக்கலாம், எல்லா ஊருக்கும் ஏற்றது' என்ற வாசகம் வேறு. உள்ளே இருந்தவை கட்டைவிரல் நகம் அளவுள்ள, இளஞ்சிவப்பில் கறுப்புத் தீற்றல் விழுந்த விதைகள். ஊதா அவரை விதை அதைவிடச் சிறியது, கரும்பழுப்பு நிறம், விளிம்பில் வெள்ளைக் கோடு தடித்து நிற்கும். முளைப்பிலும் ஐயம் தீர்ந்தது. அவரையின் இரு பருப்பும் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். இதில் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கி, தண்டும் இலையும் மட்டும் வந்தன. பூத்ததோ செக்கச்சிவப்பு. இது ஸ்கார்லெட் ரன்னர் பீன்ஸ். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைக்கு உரியது.

பூ கொத்துக்கொத்தாக வந்தது, வண்டும் வந்தது. ஆனால் இரண்டே நாளில் காம்போடு உதிர்ந்து, பந்தலின் கீழ் சிவப்பாகக் கிடந்தது. பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் இந்த இனத்தில் பிஞ்சு பிடிப்பது குறைந்துவிடும். புரட்டாசியில் எங்கள் கரையில் அதற்குக் குறைந்த பகல் ஏது?

பூ உதிர்வதற்குக் காரணம் கேட்டபோது தொலைபேசியில் தங்கள் ஊழியர் 'தண்ணீரில் உப்பு அதிகம், உரம் போதாது' என்றார். பீன்ஸுக்கு உப்பு ஆகாது என்பது உண்மைதான். அதனால்தான் மூன்று இலை விடும்வரை சேமித்த மழைநீர், பிறகு ஊருணித் தண்ணீர். கிணற்றுச் சவர்த் தண்ணீர் ஒரு சொட்டும் விடவில்லை. உப்பு தாக்கினால் இலை ஓரம் கருகும், இங்கே கருகவில்லை. ஒன்றரை அடிக் குழியில் மணல், கண்மாய்க் கரம்பை, மக்கிய ஆட்டுப் புழுக்கை சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. குழிக்கு மூன்று விதை, வளர்ந்ததும் ஒன்றைக் களைந்து இரண்டு. கச்சான் காற்றுக்குப் பனைமட்டைத் தட்டி. இதே மண், இதே தண்ணீரில் பக்கத்துக் குழியில் அதே வாரம் ஊன்றிய நாட்டுப் பந்தல் அவரை, பகல் குறைந்த கார்த்திகையில் பூத்து, இப்போது தையில் காய்த்துத் தொங்குகிறது. குறை மண்ணிலோ தண்ணீரிலோ இல்லை, தாங்கள் அனுப்பிய விதையில்தான்.

அந்தப் பந்தல் அவரைக்கும் ஆடிப்பட்டம்தான் பொருந்தும். நாள் நீண்டுகொண்டே போகும் மாசி, பங்குனியில் ஊன்றினால் மாதக்கணக்கில் கொடி மட்டுமே ஓடும். படத்தில் உள்ள ஊதா அவரையும் அதே அவரை இனம்தான். எனவே 'ஆண்டு முழுவதும்' என்பது அந்தச் செடிக்கும் பொய்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. 'காய் உண்ணத்தக்கது' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். இளங்காயைச் சமைத்து உண்ணலாம். முற்றிய விதையை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகள் உள்ள வீட்டுத் தோட்டத்துக்கு விற்கும் உறையில் இந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும்.

ரூ.160-ஐத் திருப்பித் தாருங்கள். கையிருப்புப் பொட்டலங்களை நிறுத்தி, சரியான இனப்பெயர், விதைப்புப் பட்டம், முளைப்புச் சோதனை நாள், இந்த எச்சரிக்கை ஆகியவற்றை அச்சிட்ட பிறகே விற்பனைக்கு விடுங்கள். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன்.

ரசீது நகல், உறை, முளைப்புப் படங்கள், ஊன்றாமல் வைத்த நான்கு விதைகள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்