குளிர்ந்த எஞ்சினின் புகையும் அடைக்கப்படும் காற்றுக் குழாயும்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் கராச்சுகள் சிலவற்றில், மோட்டார் சைக்கிளின் எயார் பில்டர் பெட்டியிலிருந்து சிலிண்டர் தலைக்குச் சென்று, கழிவு வாயுவில் வெளிக்காற்றைச் சேர்க்கும் சிறிய இறப்பர்க் குழாயை வெட்டி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கிவிடுவதை அடிக்கடி காண்கிறேன். கார்களில் இதே வேலையைச் செய்யும் மின் பம்ப் பழுதடைந்தால், அதைக் கழற்றி வீசிவிட்டு வழியை மூடிவிடுகிறார்கள். "எங்கள் வெயிலுக்கு இது தேவையில்லை, அடைத்தால் பெற்றோல் மிச்சம்" என்று சொல்லப்படும் இரண்டு காரணங்களுமே தவறானவை என்பதால் இதை எழுதுகிறேன்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெற்றோல் முழுவதும் ஆவியாவதில்லை. ஒரு பகுதி உட்சுவர்களில் ஈரமாகவே படிந்துவிடும். அதை ஈடுசெய்ய வழமையைவிடக் கூடுதலான பெற்றோல் ஊட்டப்படுவதால், எரிவதற்குக் காற்றுப் போதாமல், காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபன்களும் பெருமளவில் வெளியேறுகின்றன. இவற்றைத் தீங்கற்றவையாக மாற்றவேண்டிய கற்றலிற்றிக் கொன்வேட்டரோ ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறும் வரை ஒழுங்காக வேலை செய்யாது. கிளிநொச்சியின் காலை 25 பாகையாக இருந்தாலென்ன, குளிர்நாடொன்றின் காலை 5 பாகையாக இருந்தாலென்ன, அந்த வெப்பநிலையை எட்ட இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைப்பதற்கே மேலதிகக் காற்றுச் செலுத்தும் அமைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. காரில், ஸ்ரார்ட் செய்தவுடன் மின் பம்ப் வெளிக்காற்றை உறிஞ்சி, கழிவு வாயு வெளியேறும் வால்வுகளுக்கு அருகிலேயே செலுத்துகிறது. அங்கு வாயு இன்னும் கடுஞ்சூடாக இருப்பதால், புதிதாக வந்த ஒட்சிசனுடன் சேர்ந்து எஞ்சிய ஐதரோகாபன்கள் நீராவியாகவும் காபனீரொட்சைட்டாகவும், காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகவும் எரிந்து மாறுகின்றன. அந்த எரிவில் பிறக்கும் வெப்பமே கொன்வேட்டரையும் விரைவாகச் சூடாக்குகிறது. பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்து பம்ப் நின்றுவிடும். அதன்பின்னும் காற்று தொடர்ந்தால் ஒட்சிசன் சென்சர் பிழையான அளவைக் காட்டும். கொன்வேட்டரால் நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்கவும் முடியாது. மோட்டார் சைக்கிளில் பம்ப் இல்லை. கழிவுக் குழாயில் மாறி மாறி எழும் அழுத்தத் துடிப்பே காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் மெல்லிய தகடு கொண்ட றீட் வால்வின் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இரண்டிலும் காற்று சேர்வது எரிதல் முடிந்த பின்னர், சிலிண்டருக்கு வெளியே. ஆகவே குழாயை அடைப்பதால் ஒரு துளி பெற்றோலும் மிஞ்சப்போவதில்லை. அக்சிலேற்றரை விடும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்டால், குழாயை அடைப்பதல்ல, றீட் வால்வைச் சோதித்துத் துப்புரவாக்குவதோ மாற்றுவதோதான் வைத்தியம். காரிலும், பம்ப் பழுதாவதற்கு, பம்புக்கும் கழிவுக் குழாய்க்கும் இடையில் திறந்தபடி இறுகிப்போன வால்வு வழியாக ஈரமான கழிவு வாயு பின்னோக்கி வந்து அதைத் துருப்பிடிக்கச் செய்வதே பெரும்பாலும் காரணம். வால்வைப் பார்க்காமல் பம்பை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குள்ளாகும்.

நம் பகுதியில் இது சிறிய விடயமன்று. வீட்டிலிருந்து பாடசாலைக்கு ஓரிரு கிலோமீற்றர் ஓடி நிற்கும் வாகனம் சூடேறுவதற்கு முன்பே பயணத்தை முடித்துவிடுகிறது. காலை 7.15 மணிக்குப் பாடசாலை வாயிலில், பிள்ளைகளை இறக்கிவிடும் வாகனங்கள் எஞ்சினை நிறுத்தாமல் நெருக்கி நிற்கும்போது, புகை போகும் உயரத்தில் நிற்பவர்கள் சிறுவர்களே.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனை சூடேறிய எஞ்சினில் செய்யப்படுவதால், காரின் பம்ப் கழற்றப்பட்டிருப்பது அளவீட்டில் தெரியவராது. ஆகவே அந்த அமைப்பு இருக்கிறதா, இணைப்புகள் பொருந்தியுள்ளனவா என்று கண்ணால் பார்க்கும் சோதனையையும் சேர்க்குமாறு உரிய அதிகாரிகளை வேண்டுகிறேன். வன்னியின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் தொழில்நுட்பம் கற்பிப்போர், இந்தக் குழாயை அடைக்காமல் வால்வைச் சோதித்துப் பழுதுபார்க்கும் முறையையும் செய்முறைப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.