எஸ்எஸ்டி வாங்கப் போகும் நண்பருக்கு

கானாடுகாத்தான்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தியின் கல்யாண வீடியோக்களைப் போட்டுவைக்க, வெளியில் செருகும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் பதிந்துவைக்கும் டிரைவ்) எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஐயாவின் பர்மாக் கடைப் பேரேடுகளை ஸ்கேன் செய்வதற்காக அப்படியொன்றை வாங்கி, செய்யக்கூடிய தவறுகளையும் செய்து முடித்துவிட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் வண்ணத்தில் எடுத்துச் சுருக்காமல் வைத்தால், ஏ4 அளவுப் பக்கம் ஒன்றே ஏறத்தாழ 100 எம்பி வருகிறது. ஆயிரம் பக்கப் பேரேடு என்றால் 100 ஜிபி. நான் வாங்கியது சாம்சங் டி7. நொடிக்கு 1,050 எம்பி வரை படிக்கும் என்று போட்டிருந்ததை நம்பி முதல் பேரேட்டை ஏற்றினால், நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. கடைக்காரரை நான் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருக்க, தம்பி மகன் வந்து கேபிளைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். அது என் செல்போன் சார்ஜர் கேபிள். முனை டைப்-சி ஆனாலும் உள்ளே ஓடுவது பழைய யுஎஸ்பி 2.0; நொடிக்கு 40 எம்பி கிடைத்தாலே பெரிது. டிரைவோடு வந்த கேபிளை மாட்டியதும் அதே பேரேடு நான்கு நிமிடத்தில் ஏறிவிட்டது. அப்போதும் 1,000 எம்பி வரவில்லை. என் லேப்டாப்பின் போர்ட் 5 ஜிபிபிஎஸ் வகை, அதாவது நொடிக்கு 5 ஜிகாபிட் (எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்); அதற்கு மேல் அது தராது.

ஆகவே டிரைவைப் பார்க்கும் முன் உங்கள் கணினியைப் பாருங்கள். உங்களிடம் இருப்பது 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர். சாம்சங் டி9, குருஷியல் எக்ஸ்10 ப்ரோ போன்றவை 2,000 எம்பியைத் தொடுவது, 'ஜென் 2x2' எனப்படும் 20 ஜிபிபிஎஸ் போர்ட் இருந்தால் மட்டுமே. உங்கள் மேக்கில் அது கிடையாது. அங்கே அவை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு இறங்கி, ஏறக்குறைய டி7-இன் வேகத்திலேயே ஓடும். யுஎஸ்பி4 டிரைவ்கள் அந்த மேக்கில் இன்னும் வேகமாக ஓடும் என்பது உண்மைதான், ஆனால் கல்யாண வீடியோவுக்கு அந்த விலை வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் அதிகம் யோசித்தது வேறொன்றைப் பற்றி. வண்டியில் வந்த மூட்டைகளை முதலில் திண்ணையில் மளமளவென்று இறக்கிவிட்டு, பிறகு ஆற அமர உள்கட்டுக்குக் கொண்டுபோய் அடுக்குவோம் அல்லவா? எஸ்எஸ்டியும் அப்படித்தான் எழுதுகிறது. அந்தத் திண்ணைக்குப் பெயர் கேஷ் (cache). அது நிறைந்துவிட்டால் அடுத்த வண்டி தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். சில்லில் உள்ள ஒவ்வொரு நினைவகச் செல்லிலும் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில் அப்போதும் வேகம் ஓரளவு தாங்கும்; நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியில் அது ஹார்ட் டிஸ்க் அளவுக்கோ அதற்கும் கீழோ விழுந்துவிடுவதுண்டு. குருஷியல் எக்ஸ்9 கியூஎல்சி, எக்ஸ்9 ப்ரோ டிஎல்சி; பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். ஒரே மூச்சில் 300 ஜிபி ஏற்றப்போகும் உங்களுக்கு எக்ஸ்9 ப்ரோ அல்லது டி7 போதும் என்பது என் கருத்து. அடிமாட்டு விலைக்கு 16 டிபி (16,000 ஜிபி) என்று இணையத்தில் வரும் போலிகளைத் தொடவே தொடாதீர்கள்.

சூட்டையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில், மெத்தைமேல் வைத்து ஏற்றியபோது டிரைவைக் கையில் பிடிக்க முடியவில்லை. இப்போது வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரைமேல் வைத்துத்தான் ஏற்றுகிறேன். அது குளிர்ச்சியாகவே இருக்கிறது.

ஏற்றி முடித்ததும் பெட்டகத்தில் பூட்டிவிட்டு மறந்துவிட மட்டும் வேண்டாம். எழுதி எழுதித் தேய்ந்து ஆயுளின் எல்லைக்கு வந்துவிட்ட சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே சில்லுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த தரம். புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், நம் ஊர் வெயில் 30 டிகிரியோடு நிற்பதில்லை. அதனால் பேரேடுகளின் இன்னொரு பிரதியைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துத் தேவகோட்டையில் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். உங்கள் வீடியோக்களுக்கும் அப்படியொன்று வேண்டும். ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள், இங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

ஆச்சிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் பழைய பள்ளித் தோழன்