மால்ப்ளாக்கே: ஒரு வரியில் முடிகிற வெற்றியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் ஸ்பானிய அரியணை யாருக்கு என்று ஐரோப்பிய அரசுகள் மோதிய ஸ்பானிய வாரிசுரிமைப் போரைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். 1709ஆம் ஆண்டு மால்ப்ளாக்கே சண்டையை 'மால்பரோவின் இன்னொரு வெற்றி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முப்பது வருடம் வரலாறு படிப்பித்த எனக்கு அந்த வரி மனதை உறுத்துகிறது.

செப்டம்பர் 11 அன்று பிரெஞ்சுப் படைக்கு எதிராக ஆங்கிலேயத் தளபதி மால்பரோவும் ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜீனும் களத்தைப் பிடித்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பக்கம் செத்தும் காயப்பட்டும் விழுந்தவர்கள் 20,000க்கு மேல். தோற்ற பிரெஞ்சுக்காரருக்கு இழப்பு அதைவிட எவ்வளவோ குறைவு. பிரெஞ்சுத் தளபதி வில்லார் முழங்காலில் சுடுபட்ட பிறகும், இன்னொரு பிரெஞ்சுத் தளபதி பூஃப்ளேர் படையைக் குலையாமல் பின்வாங்கச் செய்தார். மால்பரோ அணியின் இடது பக்கத்தில் 22 வயது ஒராஞ்சு இளவரசன் ஒல்லாந்தக் காலாட்படையை எதிரியின் மண் அரண்கள்மேல் திரும்பவும் ஏவினான். அந்தப் பொடியன்கள் அணியணியாக அங்கேயே விழுந்தார்கள். அப்புறம் மொன்ஸ் நகரம் மால்பரோ பக்கத்திடம் பணிந்தது, சரி. போர் முடிய இன்னும் வருடங்கள் எடுத்தன.

அந்தக் காலத்தில் நமது திருகோணமலைக் கோட்டையும் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில், அந்தக் கோட்டை வாசலில் நின்றுதான் பேரனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப ஆர் வென்றது, அப்பப்பா?" என்று கேட்டான்.

இரு பக்க இழப்பையும் அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.