28ஆம் திகதி எங்கள் வீட்டுக்கு வாருங்கள்

போரில் இறந்த போராளிகளை நினைக்கிற மாவீரர் நாளை ஒழுங்கு செய்கிற குழுக்களுக்கும், அன்றைக்கு வந்து நிற்கிற கட்சிக்காரருக்கும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் பத்து வருடம் இருந்தவள். 2009 மே மாதம் சரணடைந்து, புனர்வாழ்வு முகாமில் இரண்டு வருடம் இருந்து வந்தவள். பெயர் போடவில்லை, ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

போன வருடம் கார்த்திகை (நவம்பர்) 27, மாவீரர் நாள், வன்னியில் நல்ல மழை, போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லக் காணி முழுக்கச் சேறு. முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத என் தோழியைச் சக்கர நாற்காலியில் வைத்து நானும் அவளுடைய அம்மாவும் தள்ளிக்கொண்டு போனோம். பாதி வழியில் சில்லு புதைந்துவிட்டது. கிரவல் போட்ட பாதையால் விட்டிருந்தால் போயிருப்போம், ஆனால் அது விருந்தினர் வருகிற பாதை, கமராவுக்கு மறைக்கும், கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ அக்கா என்று ஒரு தம்பி சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், அவரில் கோபமில்லை. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றோம். 6.05க்கு மணி, 6.07க்குச் சுடர். எங்களுக்குக் கேட்டது ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான். அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "செத்திருந்தா எனக்கும் முன்னுக்கு ஒரு விளக்கு எரிஞ்சிருக்கும், என்னடி."

அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அவளை இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். 2009இலிருந்து அதைச் செய்கிறவர் அவளுடைய அம்மா. இப்போது அவருக்கே முழங்கால் ஏலாது. யாரோ கொடுத்த காற்று மெத்தை ஒன்று இருந்தது, அது ஓட்டையாகி, சைக்கிள் கடையில் கொடுத்து ரியூப்புக்கு ஒட்டுகிற மாதிரி மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறோம். நாலாவது இடத்தில் காற்றுப் போகிறது, எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் தலையில் ஒரு துண்டு இருக்கிறது, அதனால் எம்ஆர்ஐ எடுக்க ஏலாது என்றார்கள், சரி, நான் நடந்து திரிகிறேன், என்னை விடுங்கள். அவளைப் பாருங்கள். அவள் வீட்டுக்கு ஒருநாள் வாருங்கள்.

எங்கள் மாதிரிக் கிட்டத்தட்ட 12,000 பேர் புனர்வாழ்வு பெற்று வெளியில் வந்தோம். வேலை கேட்டால் யோசிக்கிறார்கள், கலியாணம் பேசினால் யோசிக்கிறார்கள், எங்களோடு கதைத்தால் விசாரணை வரும் என்று பக்கத்து வீட்டாரும் பயப்படுகிறார்கள். புலனாய்வுக்காரருக்கு எங்கள் வீட்டு வழி நல்லாகத் தெரியும். உங்களில் ஒருவருக்கும் தெரியாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் தன்னுடைய படையினரின் நலனைப் பார்க்க 1999இலேயே ரணவிரு சேவை அதிகாரசபை என்று ஒன்றை உருவாக்கியது. அப்படியிருந்தும் சில வருடங்களுக்கு முன் கொழும்பில் கை கால் இழந்த ஆமிக்காரர் ஓய்வூதியம் கேட்டு வீதியில் இருந்ததை ரீவியில் பார்த்தேன். எங்களைச் சுட்டவர்களாகவும் இருக்கலாம், நாங்கள் சுட்டவர்களாகவும் இருக்கலாம். ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்த ஒருவனைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது. அவர்களுக்காவது கேட்பதற்கு ஓர் அரசு இருக்கிறது. எங்களுக்கு நீங்கள்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தோழி விரும்பி வந்தவள் அல்ல. 2008 கடைசியில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்து வந்து, சில கிழமைப் பயிற்சியோடு முன்னரங்குக்கு அனுப்பப்பட்டவள். அவளுக்கு அப்போது பதினெட்டு. நான் விரும்பிப் போனவள், அவளுக்குத் துவக்குப் பிடிக்கப் பழக்கியவளும் நான்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டு களம் போனார்கள் என்று ஒலிவாங்கியில் நீங்கள் சொல்லும்போது அவளுடைய அம்மா தலையைக் குனிந்துகொள்கிறார். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். நாங்கள் பயந்தோம், பங்கருக்குள் அம்மா என்று கத்தினோம், செத்துப்போன பிள்ளைகளும் கத்தினார்கள். அதைச் சொன்னால் அவர்களுக்கு மரியாதை குறைந்துவிடாது.

இயக்கத்தின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி அக்கா 2015இல் புற்றுநோயில் செத்தபோது எவ்வளவு அஞ்சலி எழுதினீர்கள். சிறையிலும் புனர்வாழ்விலும் இருந்து வந்த அந்த மனுசியின் வீட்டுக்கு, உயிரோடு இருந்தபோது எத்தனை பேர் போனீர்கள்?

விளக்கை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆமி புல்டோசர் விட்டுக் கல்லறைகளை உடைத்த பிறகு, 2016இல் கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லத்தில் திரும்பவும் விளக்கு எரிந்தபோது நானும் அழுதவள்தான். வளைவும் கொடியும் கட்டுங்கள், அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் காயத்தோடு படுத்திருக்கிறவர்களின் வீட்டுக்கு அடுத்த நாள் போங்கள். பதிவு, படம், முகநூல் ஒன்றும் வேண்டாம். மெத்தை வேண்டுமா, மருந்து வேண்டுமா, கிளினிக்குக்கு ஓட்டோக் காசு வேண்டுமா என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

28ஆம் திகதி வாருங்கள். மழைக்கு எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும், வான் வராது, மோட்டார் சைக்கிளில் வரலாம். தோழி வீட்டில்தான் இருப்பாள்.