வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பின படங்களை அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. போன தை மாதம் உன்னோடு நின்றபோது நான் கையால் ஆட்டிப் பார்த்த அதே வேலிதான், இப்போது முழுதாகச் சரிந்துவிட்டது. புதிதாகப் பலகை வேலி போடப்போகிறாய், ஆள் பிடிக்காமல் நீயே போடப்போகிறாய் என்கிறாய். நீ ஒரு ஆணியை ஒழுங்காக அடித்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் நல்லது. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், பக்கத்து வீட்டில் கேட்கத் தேவையில்லை, என் காசுதானே என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ‘ஓம் அப்பா, ஓம் அப்பா’ என்று வைத்துவிடுவாய்.

முதலில் வேலை. அவுஸ்திரேலியாவில் உங்கள் பக்கத்து மண் களி. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும், புல்லுக்கு நடுவே என் விரல் போகிற வெடிப்பை நானே பார்த்தேன். தூண் சரிந்ததற்கு அது ஒரு காரணம், ஆழம் போதாதது இன்னொன்று. ஆறடி வேலிக்கு இரண்டடிக்குக் குறையாமல் குழி வேண்டும், உங்கள் கணக்கில் 600 மில்லிமீற்றர். கொங்கிரீட்டைத் தூணடியில் கொஞ்சம் உயர்த்தி வெளிப்பக்கம் சரித்துவிடு, தண்ணீர் தேங்கக்கூடாது, மரம் உக்குவது மண்மட்டத்தில்தான். தோண்ட முதல் நிலத்துக்குள் என்ன குழாய், என்ன வயர் போகிறது என்று கேட்டுவிடு, அங்கே இலவசமாக வரைபடம் அனுப்புகிற சேவை இருக்கிறதல்லவா. இங்கே யாழ்ப்பாணத்தில் அலவாங்கு போட்டால் சுண்ணாம்புக்கல் ‘டங்’ என்று சொல்லும், அவ்வளவுதான். அப்புறம், மருந்தேற்றின பைன் மரத்தை அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள், அறுத்த முனையை மண்ணுக்குள் விடாதே, மிச்சத் துண்டுகளை வைத்து இறைச்சி சுடுகிறேன் என்று வெளிக்கிடாதே. அதில் செம்போடும் குரோமியத்தோடும் ஆர்சனிக்கும் ஏற்றியிருப்பார்கள், எரித்தாலும் சாம்பலில் அது நிற்கும்.

இனி மற்றது. ஊரில் பின்னின தென்னோலைக் கிடுகு வேலி நின்ற காலம் உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும், நீ வளர வளரத் தகரம் வந்தது, பிறகு எல்லாம் மதில். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கிடைத்த கிளையைக் கதியாலாக, வேலிக்கு உயிர்த்தூணாக, மழைக்கு முன் நட்டு, மேல்வெட்டில் சாணி அப்பிவிட்டால் தளிர்த்துவிடும். அதில் வரிச்சுத் தடி கட்டி, கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்பது. உக்கின ஓலையையும் எறிவதில்லை, தோட்டத்துக்குப் பசளை. அடைக்கிறதற்குக் குத்தூசி என்று ஒன்று, நீளமாக, நுனிக்குப் பக்கத்தில் கண் வைத்து இருக்கும். கயிற்றைக் கோத்து இந்தப் பக்கத்தால் குத்தினால், அந்தப் பக்கம் நிற்கிறவர் கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிக் கோத்துவிட வேண்டும். ஓலைக்குள்ளால் ஆள் தெரியாது, ‘விடு’, ‘இழு’, ‘இறுக்கு’ என்ற சத்தம் மட்டும் வரும். ஒரு பக்கத்தில் மட்டும் நின்று அந்த வேலியை அடைக்க முடியாது மகன், ஒருவர் அடுத்த வளவுக்குள் நின்றே ஆகவேண்டும்.

1979-இல் எனக்கும் என் அண்ணன், உன் பெரியப்பாவுக்கும் எல்லை வழக்கு. இரண்டு கதியாலை அவருடைய பக்கம் அரக்கி நட்டிருக்கிறேன் என்று அவர், இல்லை என்று நான். வழக்குக்குப் போன காசில் அப்படிப் பத்துத் துண்டுக் காணி வாங்கியிருக்கலாம். இப்போது உனக்குச் சொல்லலாம், ஒன்றை அரக்கினது நான்தான், ஒரு சாண் இருக்கும். மற்றது தானாகச் சரிந்தது, அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். வழக்கு நடந்த வருடங்களில் வேலியை ஒழுங்காக அடைக்கவே முடியவில்லை, அவருடைய வளவுக்குள் எங்கள் ஆள் ஒருவரும் கால் வைக்க முடியாதே! நானே இந்தப் பக்கத்தால் குத்தி, நானே கையை ஓலைக்குள்ளால் விட்டு, தடவித் தடவி ஊசியைப் பிடிப்பேன். மணிக்கட்டில் இருக்கிற தழும்பு மாடு முட்டினது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அது கருக்கு மட்டை கிழித்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, எங்கள் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது உனக்கு ஒன்பது வயது. ஓலையைக் கறையான் தின்றிருந்தது, வரிச்சை யாரோ விறகுக்கு எடுத்துவிட்டார்கள், கதியால்கள் மட்டும் தளிர்த்துக் கொழுத்து நின்றன. நான் அரக்கினதும்தான். ஒரு காலை தனியாக ஓலை வைத்துக் குத்திக்கொண்டிருக்க, ஊசி அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது. இழுக்கிறேன், வரவில்லை. பிறகு, “ஒரு விரல் கீழ இறக்கு, கோணலாப் போகுது” என்று ஒரு குரல். பதினேழு வருடத்தில் அண்ணன் என்னோடு கதைத்த முதல் கதை அது. மத்தியானத்துக்குள் முழுதும் அடைத்துவிட்டோம். வழக்கைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கதியால் அதே இடத்தில்தான் நின்றது, மதில் கட்டும்போதுதான் தறித்தது.

விக்டோரியாவில் 1968-ஆம் ஆண்டு வேலிச் சட்டம் இருக்கிறது, எல்லை வேலிக்குப் பொதுவாகப் பாதிப் பாதிச் செலவு, எழுத்தில் அறிவித்தல் கொடுத்து 30 நாளில் இணக்கம் வராவிட்டால் நீதிமன்றம் போகலாம் என்று நீதானே எனக்குச் சொன்னாய். அப்படியென்றால் பழைய வேலியும் உனக்கு மட்டும் சொந்தமில்லை, நினைத்தபடி பிடுங்க ஏலாது. அறிவித்தல் தாளை எழுது, ஆனால் அந்த வியட்நாம் அம்மாவின் தபால்பெட்டிக்குள் போடாமல் கையில் கொண்டுபோய்க் கொடு. எனக்கும் அவவுக்கும் பொதுவில் ஒரு பாஷையும் இல்லை, ஆனாலும் பலகை விழுந்த ஓட்டைக்குள்ளால் மூன்று தரம் எலுமிச்சம்பழம் தந்தவ. பதிலுக்கு அம்மா வடை கொடுத்தா. காசு வாங்குவதும் விடுவதும் உன் விருப்பம், ஆனால் குறுக்குச்சட்டம் தெரிகிற அசிங்கமான பக்கம் யாருக்கு வரப்போகிறது என்று கேட்காமல் ஒரு ஆணியும் அடிக்காதே.

தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி விடப்போகிறாய் என்று எழுது. 2.7 மீற்றர் என்று கடைக்காரர் சொன்னால் கேளாதே, அந்தக் களிமண்ணுக்கு 2.4 வை.

அப்பா