கைபேசிக் கோபுரம் ஓய்ந்த பின் ஊர் பேச ஒரு வழி

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாமிரபரணிக் கரை ஊராட்சிகள் மணல் மூட்டையும் படகும் தேடுவதோடு வாக்கி டாக்கியும் வாங்கி வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, பல ஊர்களில் கைபேசித் தொடர்பும் அறுந்துபோனது. மின்சாரம் போனால் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகச் சாலை இருக்காது.

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட் திறனுக்குள் இயங்கும் வாக்கி டாக்கி செட்டுகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த மாடலுக்கு இ.டி.ஏ. என்ற ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 5 வாட் செட்டுகள் வேண்டாம். உரிமமின்றி அவற்றைப் பயன்படுத்துவது குற்றம். மீட்புப் படையினரின் அலைவரிசையில் நாமே குறுக்கிடும் ஆபத்தும் உண்டு.

நான்கு குக்கிராமங்கள் உள்ள ஊராட்சிக்கு ஆறு செட் போதும்: ஊருக்கு ஒன்று, முகாமாகும் பள்ளியில் ஒன்று, கையிருப்பில் ஒன்று. எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும். பலர் சறுக்குவது செட்டிலுள்ள 'பிரைவசி கோடு' என்ற அமைப்பின் விஷயத்தில்தான். அது பேச்சை மறைக்காது. பிறர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவே. ஒரு செட்டில் அது இருந்து மற்றதில் இல்லையென்றால், சேனல் ஒன்றாக இருந்தும் ஒருவர் அழைப்பது மற்றவருக்குக் கேட்காது. எல்லாவற்றிலும் அதை அணைத்துவிட்டு, சேனல் எண்ணைச் செட்டின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள். கான்கிரீட் வீடுகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாமல் போகலாம். மாடியிலிருந்து பேசினால் பல மடங்கு எட்டும். அதனால் பள்ளி மாடியில் ஒருவரை உட்காரவைத்து, ஓர் ஊரின் செய்தியை அடுத்த ஊருக்குத் திருப்பிச் சொல்லச் செய்யலாம். இடி மின்னல் நேரத்தில் யாரும் மொட்டைமாடியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ ஏறக் கூடாது, ஜன்னலை விட்டு விலகி உள்ளேயே இருக்கட்டும்.

பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள். இல்லையேல் முதல் சொல் விழுங்கப்படும். இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டு பேச்சும் வீண். முடித்ததும் 'ஓவர்' சொல்வது அதற்காகத்தான். தமிழில் இன்னொரு சிக்கல்: 'ஆறு' எண்ணா, ஆற்றுத் தண்ணீரா? எண்ணை 'எண் ஆறு' என்றும், வெள்ளத்தை 'ஆற்றுத் தண்ணீர்' என்றும் சொல்லிப் பழகுங்கள். எழுபதும் எண்பதும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். 'ஏழு, சைபர்' என்று பிரித்துச் சொல்லுங்கள். கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். நோட்டில் நேரத்தோடு பென்சிலால் எழுதுங்கள், மை கரையும்.

செட்டை நாள் முழுக்க ஓடவிட்டால் இரண்டாம் நாளே பேட்டரி இறந்துவிடும். பள்ளியிலுள்ள செட் மட்டும் எப்போதும் இயங்கட்டும். மற்றவை ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைப் பாதிவரை பயன்படுத்தினாலே 1,500 மில்லி ஆம்பியர்-மணி செட் ஒன்றை 5, 6 முறை சார்ஜ் செய்யலாம். செட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டாலும் பேச முடியும்.

இத்தனையும் ஊருக்குள் பேசத்தான். ஆட்சியர் அலுவலகம் வரை செய்தி போக, தேர்வெழுதி உரிமம் பெற்ற தனிநபர்கள் பேசும் ஹாம் வானொலி வேண்டும். 12 வயது நிறைந்த எவரும் அதற்கான தேர்வை எழுதலாம். 'ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு' என்ற தொடக்கநிலை உரிமத்துக்கு, புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் குறியீடு தெரிந்திருக்கத் தேவையில்லை. ஊராட்சிக்கு ஒருவரையாவது தேர்வுக்கு அனுப்பி, கட்டணத்தையும் பயிற்சியையும் மாவட்ட நிர்வாகமே ஏற்க வேண்டும்.

ஹாம் வானொலி ஆர்வலர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்